ரிவர்ஸ் தயாவுக்கு ஒரு பச்சை விளக்கு

என் உயிர் மாப்ளே தயாளா,

ஜெயித்துவிட்டோம்டா.

நலமா என்று விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், உன் கறுப்பு பைக்கில், நம் பிரிவில் முதல் பரிசு. கோப்பை மண்ணூரில் உங்கள் வீட்டு டி.வி. மேல் உட்கார்ந்திருக்கிறது. உன் பெண்டாட்டி சுகந்தி போகும்போதும் வரும்போதும் முந்தானையால் அதைத் துடைக்கிறாள். உன் அம்மா அதை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லியே, அரிசி கொட்டி வெக்கலாமா?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ இருந்திருந்தால் அரிசியை எடுத்துவந்தே கொடுத்திருப்பாய்.

எப்படி ஜெயித்தோம் என்று கேட்க மாட்டாயா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். நாங்குநேரிக்காரன் வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று நீதானே ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவைத்தாய்?

நீ போன அன்று மண்ணூர் கூட்டுரோட்டில் நம் பையன்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். கூலிங் கிளாஸ் போட்ட உன் போட்டோ, இரண்டு பக்கமும் புறா, மேலே கண்ணீர் விடும் கண். பெயரை மட்டும் 'ரிவர்ஸ் தயா' என்று போட்டுவிட்டார்கள். பாசத்தில் செய்ததுதான். அவர்கள் உன்னை வேறு எப்படிக் கூப்பிட்டார்கள்? ஆனால் சுகந்தி அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பி, "செத்தப்புறமும் அந்தப் பேருதானாண்ணா?" என்றாள்.

காய்ச்சல் என்று படுத்த மனிதன் ஒரு வாரத்துக்குள் போய்விடுவான் என்று யார் நினைத்தது? எதையும் முடிக்காமல் போய்விட்டாயேடா. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். "இந்த வண்டி ஒரே ஒரு தபா ஜெயிக்கணும். மைக்ல அவரு பேரு நல்லபடியா வரணும். அப்பால யார்னா எடுத்துக்கினு போட்டும்" என்றாள்.

"யாரும்மா ஓட்டுவா?"

"நீதான்ணா. வேற யாரு கீறாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் உனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியவன். பந்தயக் கோட்டில் உட்கார்ந்தவன் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? நீ எனக்கு மாப்ளே என்றால் அவள் எனக்குத் தங்கச்சிதானே.

நம் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிப்பவர்களுக்கு அந்தக் கோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறு. நேர்ப் பந்தயத்தில் இரண்டே வண்டிகள், வளைவே இல்லாத ஒரு தடம், சில நொடிகளில் முடிந்துவிடும் ஓட்டம். வெளியில் இருப்பவர்களுக்கு எல்லாமே வேகம்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அது பாதிக்குமேல் நிற்கிற கலை. கோட்டுக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிக்கதிர்கள் போகும். முன்சக்கரம் முதல் கதிரைத் தொட்டால் கம்பத்தில் ஒரு விளக்கு எரியும்: கிட்டே வந்துவிட்டாய் என்று அர்த்தம். இரண்டாவதைத் தொட்டால் அடுத்த விளக்கு: நின்றுவிட்டாய், அசையாதே. இரண்டு பேருக்கும் அது எரிந்த பிறகுதான் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக விழும், பிறகு பச்சை. பச்சைக்கு முன்னால் சக்கரம் அந்தக் கதிரைத் தாண்டினால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது விளக்கு எரிந்ததும் இன்னும் கொஞ்சம் உள்ளே உருட்டி நிற்பவர்கள் உண்டு. முடிவுக் கோடு அவர்களுக்கு ஒரு விரற்கடை கிட்டே இருக்கும், ஆனால் லேசாக அசைந்தாலே சிவப்பு. நீ அப்படி நிற்க மாட்டாய். விளக்கு கண்ணைத் திறக்கும் அந்த நுனியிலேயே நிற்க வேண்டும் என்பாய். அங்கே நின்றால் கதிரைத் தாண்டுவதற்குள் சக்கரம் சற்று உருளலாம், அதற்குள் வண்டி வேகம் பிடித்துவிடும். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் நடந்தது என்ன? விளக்கு எரிந்ததும் உன் கை பிரேக்கைப் பிடிக்கும், கால் தரையில் ஊன்றி வண்டியைப் பின்னால் இழுத்துவிடும். விளக்கு அணைந்துவிடும். கூட்டம் ஹோவென்று கத்தும். அந்த அவமானத்தில் அவசரமாக முன்னால் தள்ளுவாய், அதிகமாகப் போய்விடும், சிவப்பு. ஒவ்வொரு முறையும் இதே கூத்து. ரிவர்ஸ் தயா.

பயந்தாங்கொள்ளி என்றார்கள். நீயும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாய். வலித்ததா மாப்ளே? ஒருநாளும் சொன்னதில்லையே.

நானும் பழகத் தொடங்கினேன். வாலாஜாபாத் ரோட்டை ஒட்டி மனை போட்டு, விற்காமல் கிடக்கிறதே ஒரு லே-அவுட், அதன் உள்ரோட்டில். பழைய இரும்புக் கடையில் கிடைத்த சென்சாரை செங்கல்மேல் வைத்து ஒரு பல்பை இணைத்தேன். சுகந்தி வீக் ஆஃப் நாளில் கூட வந்து, நம்பர் எழுதிய மனைக்கல்மேல் உட்கார்ந்துகொண்டாள். மெதுவாக உருட்டினேன். சக்கரம் கதிரைத் தொட்டது. பல்பு எரிந்தது.

என் கை பிரேக்கைப் பிடித்தது. வண்டி பின்னால் வந்துவிட்டது.

மறுபடி உருட்டினேன். மறுபடியும் அதே. நான் நினைத்துச் செய்யவில்லைடா, கை தானாகச் செய்தது. நீ போன பிறகு சுகந்தி சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இன்னாண்ணா, நீயும் ரிவர்ஸா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. நாம் இருவரும் எங்கே வேலை பார்த்தோம்? ஒரகடத்தில், பிரஸ் ஷாப்பில். கார் கதவு அடிக்கிற பிரஸ்ஸுக்கு முன்னாலும் இதே மாதிரி ஒளித்திரைதானே? தகட்டை வைக்கக் கை உள்ளே போகும்போது கதிர் அறுபடும், தலைக்கு மேல் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கையை எடு. சேர்ந்த நாளிலிருந்து சூப்பர்வைசர் காதில் ஓதியது அது ஒன்றைத்தான். ஷிப்ட் முழுக்க, வருஷக்கணக்காக, விளக்கைக் கண்டால் பின்னால் இழுத்த கை. அதைக் கொண்டுபோய்ப் பந்தயக் கோட்டில் வைத்தால் அது வேறென்ன செய்யும்?

இதைச் சுகந்தியிடம் சொன்னேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"கல்யாணமான புதுசுல பாண்டி அண்ணன் நம்ம வூட்டுக்கு வந்தாருல்ல, பழைய மிஷின்ல ரெண்டு வெரல வுட்டவரு" என்று தொடங்கினாள். "அவரு காபி டம்ளர புடிச்சத பாத்துட்டு ராத்திரியெல்லாம் அழுதேன். 'லைட்டு எரிஞ்சா கைய எடுத்துடுயா, எனக்கு வேற எதுவும் வாணாம், பத்து வெரலோட வூட்டுக்கு வா'ன்னு உன் மாப்ள கைல சத்தியம் வாங்கிக்கினேன். எடுத்துக்கினேதான் இருந்தாருண்ணா. நான் கேட்டதத்தான் அங்கயும் செஞ்சிக்கினு இருந்துகீறாரு."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "கடைசியா பாலூத்தசொல்லோ கைய புடிச்சி பாத்தேன். பத்து வெரலும் இருந்துச்சி."

மாப்ளே, இது உனக்குத் தெரியுமா? நீ ஏன் பின்னால் வந்தாய் என்று உனக்காவது தெரிந்திருந்ததா? இல்லை, எல்லோரும் சொன்னதைப் போல நீயும் உன்னைப் பயந்தவன் என்றே நினைத்துக்கொண்டு போய்விட்டாயா? இந்தக் கேள்வி என்னை இன்னும் தூங்கவிடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் வழியும் சொன்னாள். "லைட்ட பாத்தாதானே கை இஸ்துக்குது? நீ லைட்டையே பாக்காத. நான் பாத்துக்கிறேன்." வண்டிக்குப் பின்னால் வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா உட்கார வேண்டியது, அவள் துளித்துளியாகத் தள்ள வேண்டியது. இரண்டாவது விளக்கு எரிந்த நொடியில் கையை எடுத்துவிடுவாள். முதுகில் கை இல்லை என்றால் விளக்கு எரிந்துவிட்டது. நான் மஞ்சளை மட்டும் பார்த்தால் போதும். போன் கம்பெனியில் டெஸ்டிங்கில் உட்கார்ந்து, திரை மினுங்குகிறதா இல்லையா என்று நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்கு ஒரு பல்பின் நுனி தெரியாதா? கொஞ்ச நாளில் நீ எவ்வளவோ மெனக்கெட்டும் பிடிக்க முடியாத அந்த நுனியில் அவள் என்னை நிறுத்திவிட்டாள்.

பந்தயத்தன்று அவள் கம்பெனி ஷூவும் சுடிதாரும் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். கூட்டத்தில் யாரோ, "டேய், ரிவர்ஸ் வண்டிடா! இன்னிக்கி தள்றதுக்கு ஆள் வேற!" என்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் சுற்று, அரையிறுதி, இரண்டிலும் சுத்தமாக வந்துவிட்டோம். அதன்பிறகு கத்தல் குறைந்தது.

இறுதியில் எதிரே சிவப்பு ஜாக்கெட். ஞாபகம் இருக்கிறதா, உன்னை இரண்டு முறை கோட்டிலேயே காக்கவைத்துக் கவிழ்த்தவன்? அவன் வித்தையை மாற்றவே இல்லை. முதல் விளக்கை எரியவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாம் பொறுமையிழந்து முதலில் உள்ளே போக வேண்டும், போய்க் காத்திருந்து காத்திருந்து கை நடுங்க வேண்டும், அதுதான் அவன் திட்டம். எனக்குக் கிளட்ச் பிடித்த கை மரத்துப்போனது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. "தங்கச்சி, போயிருவமா?" என்றேன்.

"இன்னா அவசரம்? நமக்கு நிக்கறதுக்கு சொல்லியா தரணும்? அவன் போட்டும்."

சரிதானே? ஷிப்ட் ஷிப்டாக நின்றே காலத்தை ஓட்டியவர்கள் நாம். நின்றோம். கொடி பிடித்த அதிகாரி அவனைப் பார்த்துக் கையை ஆட்டினார். சிவப்பு ஜாக்கெட் உறுமிக்கொண்டு உள்ளே போனான், கோபத்தில் ஆழமாகவே போய் நின்றான். இப்போது காத்திருப்பு அவனுடையது. என் முதுகில் சுகந்தியின் கை மெதுவாக அழுந்தியது. ஒரு துளி. இன்னொரு துளி.

கை விலகியது.

மஞ்சள். என் கை பின்னால் போகவில்லை மாப்ளே. கடைசி மஞ்சளில் கிளட்சை விட்டேன். பச்சையும் நானும் ஒன்றாகக் கிளம்பினோம். அவன் நம்மைவிட முன்னால்தான் நின்றிருந்தான், ஆனால் சிவப்புக்குப் பயந்து ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணம் போதாதா? கியர் மாற்ற மாற்ற உன் வண்டி கத்திய கத்தல் செம்பரம்பாக்கம் ஏரிவரை கேட்டிருக்கும். பாதித் தடத்தில் பக்கவாட்டில் அவன் சக்கரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள்ளேயே, "ஏல தயாளா!" என்று அலறிவிட்டேன்.

திரும்பி வரும்போது கூட்டம் வேலியில் ஏறி நின்றது. மைக் பிடித்தவர் ஓடிவந்து, "டீம் பேரு இன்னாப்பா?" என்று கேட்டார். 'தயாளன்' என்று சொல்வதாகத்தான் வீட்டில் பேசிவைத்திருந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி மைக்கை வாங்கிவிட்டாள்.

"ரிவர்ஸ் தயா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் குரல் நடுங்கவே இல்லை. "எங்க வூட்டுக்காரரு. லைட்டு எரிஞ்சா கைய எடுத்துடுவாரு. பத்து வெரலோட வூட்டுக்கு வந்துகினு இருந்த மனுசன்."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. ஆனால் வேலியோரம் நம் பிரஸ் ஷாப் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் கத்தவில்லை. ஒவ்வொருவராகக் கையை உயர்த்தி, விரல்களை விரித்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் முன்னால் பாண்டி அண்ணன், இருந்த விரல்களை விரித்து. அதன் பிறகுதான் அந்தச் சத்தம் கிளம்பியது. "ரிவர்ஸ் தயா! ரிவர்ஸ் தயா!" உன்னைக் கேலி செய்த அதே வேலி, அதே பெயர். சுகந்தி அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

கூட்டுரோட்டில் இப்போது புது பேனர். புறா இல்லை, கண்ணீர்க் கண் இல்லை. கூலிங் கிளாஸோடு நீ, கீழே அதே பெயர், இந்தமுறை சுகந்தி சொல்லிப் போட்டது. வண்டியை யாருக்கும் தரமாட்டாளாம். அடுத்தது அவளே ஓட்டப் போகிறாளாம், முதுகில் கைவைக்க நான் வர வேண்டுமாம். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "அவரு வாணாம்னா சொல்லுவாரு?" என்று போய்விட்டாள்.

நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். அதே பிரஸ், அதே விளக்கு. எரிந்ததும் கையை எடுப்பேன் மாப்ளே. நீ அவளுக்குக் கொடுத்த சத்தியத்தை இனி நான் காப்பாற்றுகிறேன். பத்து விரலோடு கோட்டுக்கு வருவேன். அவள் முதுகில் வைத்த கையை அந்த விளக்கு எரிகிறவரைக்கும் எடுக்க மாட்டேன்.

உன் மச்சான்,
உன் சுகந்தியின் அண்ணன்,
சுடலைமுத்து