நீங்கள் மொழிபெயர்த்த பிரெஞ்சுப் படம்

அன்புள்ள பாய்,

பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள் நேற்று மதியம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "அப்பா, நீங்க அடிக்கடி சொல்வீங்களே, அந்த பிரெஞ்சுப் படம், இதானா பாருங்க" என்றாள். திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் ஒரு மனிதர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அதேதான். அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார் பாய்.

படத்துக்குக் கீழே பல நாட்டுக்காரர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். மகள் படித்துச் சொன்னாள். நவீன சமுதாயத்தின் தனிமையை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது என்கிறார் ஒருவர். தன் மாலைப்பொழுதைத் திருப்பித் தரும்படி இயக்குநரைக் கேட்கிறார் அடுத்தவர். இன்னொருவர் பாதியில் தூங்கிவிட்டாராம், ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கமாம். இதையெல்லாம் நம் கும்பகோணத்து ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்களே என்று சிரித்தேன். கூடச் சிரிக்க நீங்கள் இல்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தீர்கள். பக்கத்து உரக்கடையில் நான் கணக்கு எழுதினேன். வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது அழுதால் நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து சினிமாப் பத்திரிகையில் முகத்தைப் புதைத்துக்கொள்வீர்கள். அந்தப் பத்திரிகையை நானும் இரவல் வாங்கிப் படிக்க ஆரம்பித்து, கடைசியில் இருவருமாக ஒரு திரைப்படச் சங்கமே தொடங்கிவிட்டோம். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபம் சும்மா கிடைத்தது. ஆகவே நம் ஊரில் உலக சினிமா ஆடி மாதத்தில் மட்டும்தான். ஜன்னல்களை எங்கள் கடை யூரியா சாக்குகளால் மூடி இருட்டாக்குவோம்.

அந்த வருடம் மண்டபத்து முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஆளே வராத படத்துக்கு எதுக்குங்க கரண்டு? இந்தத் தடவை கூட்டம் வரலைன்னா அடுத்த ஆடிக்கு வராதீங்க." நீங்கள் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினீர்கள்: 'பிரெஞ்சுப் படம். இன்றைய பிரான்ஸ் வாழ்க்கை. அனைவரும் வருக.' கூட்டம் நெரித்தது. முன்வரிசை முழுக்க வாலிபர்கள். 'பிரெஞ்சு' என்ற ஒரே சொல்லை நம்பி வந்தவர்கள்.

அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வாரம் தவறாமல் டவுன் பஸ் ஏறி, மகனின் போனுக்காக உங்கள் பூத்துக்கு வருபவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வளர்த்த ஒரே பிள்ளை. பாரீஸில் ஹோட்டல் மேனேஜராக இருப்பதாகச் சொல்லியிருந்தான். கொஞ்ச காலமாகப் போன் வரவில்லை. வந்து வந்து திரும்பிப் போகிறவரைப் பார்க்கப் பொறுக்காமல், "பிரான்ஸ் படம் போடறோம்மா, உங்க புள்ள இருக்குற ஊரையாவது வந்து பாருங்க" என்று நீங்கள்தான் அழைத்திருந்தீர்கள். அவர் பக்கத்தில் இருந்ததால் விசிலடிக்க வந்த பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

சுருளை ஓட்டிப் பார்த்தபோதுதான் படத்தின் அடியில் வசனத்துக்கு ஆங்கில எழுத்து ஓடாது என்று தெரிந்தது. "கவலைப்படாதீங்க சார். காரைக்கால்ல எங்க மாமா பிரெஞ்சு பென்ஷன்காரரு. நான் மைக்ல சொல்லிடறேன்" என்றீர்கள்.

"உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா பாய்?"

"மாமாவுக்குத் தெரியும் சார்."

படம் ஓடியது. மனிதர்கள் நகரும் படிக்கட்டில் ஏறினார்கள், இறங்கினார்கள். ஃப்ரிட்ஜ்காரர் வந்தார், நின்றார். பின்னணிக் குரல் ஒரு பக்க அளவுக்கு வசனம் பேசினால் நீங்கள், "இவருக்குப் பசியில்லை, சும்மா திறந்து பாக்குறாரு" என்று முடித்துவிடுவீர்கள். குரல் ஒரே சொல்லோடு நின்றால் பிரான்ஸில் விலைவாசி ஏறிய கதையை விலாவாரியாகச் சொல்வீர்கள்.

பிறகு ஒரு ஹோட்டல் சமையலறை வந்தது. முதுகைக் காட்டி நின்ற ஒருவர் மலைபோல் குவிந்த தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து நின்றார். "தம்பி, அது எம்புள்ள."

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. திரையில் குரல் தன்பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. நீங்கள் மைக்கில் மெதுவாகச் சொன்னீர்கள்: "இவரு நல்லா இருக்காரு. வேளைக்குச் சாப்பிடறாரு. வேலை ஜாஸ்தி, அதான் போன் பண்ண முடியல. சீக்கிரம் பண்ணிடுவாரு." அம்மா உட்கார்ந்தார்.

படம் முடிந்ததும் வழக்கம்போல் கருத்துக் கேட்டோம். முதலில் எழுந்தவன் முன்வரிசைப் பையன்.

"இது சென்சார் பண்ண படமா, பண்ணாததா?"

"பண்ணாதது தம்பி."

"வெட்டறதுக்கே ஒண்ணும் இல்லாம எடுத்திருக்காங்க."

வீட்டுச் சாமான் கடைக்காரர் அந்த ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர் என்று கேட்டார். மண்டபத்து முதலாளி, "அவ்வளவு நேரம் கதவைத் திறந்து வச்சா கரண்டு பில்லை யாரு கட்டுறது?" என்று பிரான்ஸுக்காகவும் வருத்தப்பட்டார். கல்லூரிப் பேராசிரியர் எழுந்து, இது மனிதன் அந்நியமாவதைப் பற்றிய படம் என்று விளக்கிவிட்டு உங்களைப் பார்த்தார். "தட்டு கழுவறவர் வீட்டுக்குப் போன் பண்ணுவார்னு வசனத்துல எங்க வருது?"

"அது உட்பொருள் சார்" என்றீர்கள். அவர் யோசித்தபடி உட்கார்ந்தார்.

கடைசியில் அம்மாவிடம் கேட்டோம். "நல்லாத்தான் வெளக்குறான். வீட்ல இருந்தப்ப தின்ன தட்டைக்கூட எடுத்து வச்சதில்ல" என்றார்.

சாக்குகளை அவிழ்க்கும்போது உங்கள் முகம் சரியாக இல்லை. "யாரோ ஒருத்தன் முதுகைக் காட்டி வாக்குக் குடுத்துட்டேன் சார்" என்றீர்கள். மறுநாள் காலையிலேயே காரைக்காலுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். மாமாவின் பேரன் பாரீஸில் இருந்தான். அவன் நம்மூர்க்காரர்கள் தங்கும் அறை அறையாக விசாரித்து ஆளைப் பிடித்துவிட்டான்.

அம்மா வரும் கிழமையில் போன் அடித்தது. மூடிய கூண்டு அவருக்கு மூச்சு முட்டும் என்பதால் கதவு திறந்தே இருந்தது. எடுத்தவுடன், "உன்னைச் சினிமாவுல பாத்தேன்டா. தட்டு கழுவிக்கிட்டு நின்ன. சட்டை முதுகுல கிழிஞ்சிருக்கு, தைச்சுப் போடு" என்றார்.

"எந்தச் சினிமாம்மா? யாரு எடுத்தா?" என்று அவன் கத்தியது என் கடை வரை கேட்டது. அடுத்து அழுகை. மேனேஜர் வேலையெல்லாம் பொய், பாரீஸ் வந்த நாளிலிருந்து தட்டுதான் கழுவுகிறேன் என்று ஒப்புக்கொண்டான். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று அம்மா கேட்டிருந்தாராம். நாற்காலிக்கு எங்கே போவான்? அதனால்தான் போனையே நிறுத்தியிருக்கிறான்.

"வேலைதானடா செய்யுற, அதுக்கு ஏன் அழுவுற? நான் சேத்துல நிக்கலையா?" என்றார் அம்மா. நீங்கள் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு அவன் போன் வராத வாரம் இல்லை. சில வருடம் கழித்து ஊருக்கு வந்தவன் நேரே பூத்துக்கு வந்து, "அண்ணே, அந்தப் படத்தை நானும் ஒரு தடவை பாக்கணும்" என்றான். அவன் விமானம் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே எடுத்த படம் அது. "படப்பெட்டி மெட்ராஸுக்குத் திரும்பிப் போயிடுச்சுப்பா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நம் சங்கமும் பிழைத்தது. அடுத்த ஆடிக்கு வேறு அம்மாக்கள் வந்து, துபாய் படம் எப்போது, சிங்கப்பூர் படம் எப்போது என்று கேட்டார்கள்.

செல்போன் வந்து பூத் போயிற்று. சென்ற மழைக்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். எனக்கு ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது பாய். எந்த நாட்டுப் படம் ஓடினாலும் என் கண் கதாநாயகன் மேல் நிற்பதில்லை. ஓரத்தில் மேசை துடைப்பவர், பெட்டி தூக்குபவர், கட்டடத்தில் தொங்கி வண்ணம் பூசுபவர் என்று தேடிப் போய்விடுகிறது. "அங்க யாரைப் பாக்குறீங்க?" என்று மனைவி கேட்கிறாள். தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் அவன் வீட்டில் சொல்ல வேண்டுமே என்கிறேன்.