ஆல்வின் குடிவந்த இடது வீடு

1981 மார்ச் 9
காலையில் ஆஸ்பத்திரி மணி அடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டேன். வரிசையில் நான் ஒருவன்தான், எதிரே என் சொந்த அடுப்பு! பாதி ஆயுசு மனநல ஆஸ்பத்திரியில் கழித்தவன் வேறென்ன செய்வான்? நான் புதிதாகக் குடிவந்த இந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி மதில் கூப்பிடு தூரம்தான். வெளியே பனிமூட்டம். பசுக்களுக்குக் காலே இல்லை, முதுகு மட்டும் மிதக்கிறது.

மார்ச் 12
நர்ஸ் ரோஸ்விதா வந்தார். "இலையுதிர் காலம் வரைக்கும் பாப்போம் ஆல்வின். தனியா இருக்க முடியலன்னா வந்துடுங்க. உங்க கட்டில் அப்படியேதான் இருக்கு."
ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனாலும் நான் திரும்பிப் போக மாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு
இங்கே புதிதாகக் குடிவந்தவன் பக்கத்து வீட்டுக்குச் சாராயப் பாட்டிலோடு போய், தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர்கள் அங்கேயே ஒரு மடக்கு குடித்தால் சம்மதம். அப்புறம்தான் நல்லது கெட்டதில் அவனுக்கு இடம். என் மாத்திரைக்கும் சாராயத்துக்கும் ஆகாது. அதனால் ஆப்பிள் ஜூஸ் கொண்டுபோனேன்.
கிளெமென்ஸ் ஓவர்காம்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னய்யா இது? எனக்கென்ன காய்ச்சலா?"
உள்ளேயிருந்து அவர் மனைவி தெக்லா, "வாங்கிக்கங்களேன், பாவம்" என்றாள்.
வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. அந்த 'பாவம்' வழியெல்லாம் குத்தியது.

மார்ச் 16
மடையன்! சாராயத்தையே கொண்டுபோயிருக்கலாமே. குடிக்க வேண்டியவர் அவர்தானே? நானா?

ஏப்ரல் 2
மழை. யாரும் வரவில்லை.

மே 3
ஆப்பிள் பூ உதிர்கிறது. வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தேன்.
சாராயத்தோடு மறுபடி வரட்டுமா என்று வேலியோரம் தெக்லாவைக் கேட்டேன். "ஒரு தடவைதான் கேக்கணும். அதான் வழக்கம்" என்றாள். சங்கடமாகச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 18
கனவு. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க இடுப்பளவு கதிர். கட்டில்கள் படகுபோல அதில் மெல்லப் போகின்றன. ஒன்று என்னிடம் வந்து நின்றது. ஏறிப் படுத்தேன். சுகமாக இருந்தது — அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 28
ரோஸ்விதா கேட்டார்: "ஊர்ல யாராவது உங்ககிட்ட பேசறாங்களா?"
"பசுவெல்லாம் பேசும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். அன்று முடிவு.

அக்டோபர் 2
விடியும்போது கதவு தட்டல். கிளெமென்ஸ். கோட்டுக்கு அடியில் ராத்திரிச் சட்டை.
"தெக்லா போயிட்டா."
என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.
"நீ போய் ஊருக்குச் சொல்லணும்."
"நானா? நான் ஆஸ்பத்திரி ஆளுங்க..."
"நீதானய்யா எங்களுக்கு இடது வீடு! இடது வீட்டுக்காரன்தான் சொல்லணும். போய்யா, என்னால முடியல." மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.
போனேன். ஊரே பனிக்குள் கிடந்தது. முதல் வீட்டில் தொப்பியைக் கழற்றினேன், சொன்னேன். வீடு வீடாகக் கதவு திறந்தது. நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "எப்ப எடுக்கறீங்க?" என்றார்கள். எடுக்கறாங்க இல்லை — எடுக்கறீங்க. என்னைத்தான் கேட்டார்கள்.

அக்டோபர் 5, திங்கள்
கறுப்புக் கோட்டைப் போடும்போது ரோஸ்விதா வந்தார். "டாக்டர் காத்திட்டிருக்காரே?"
"இன்னிக்கு முடியாது சிஸ்டர். சவப்பெட்டி தூக்கணும். முன்னாடி இடது பக்கம் என்னோட தோள்."
அவர் என் காலரை இழுத்துச் சரிசெய்தார்.
"போங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."
தெக்லா இவ்வளவு கனப்பாள் என்று நினைக்கவில்லை.