பாதி வழியில் ஒரு ஏரி

மல்கிரேவ்
ஐப்பசி, 1976

அன்புள்ள இஞ்சாருங்கோ,

நீங்கள் வராத ஏரியை நான் பார்த்துப்போட்டு வந்திட்டன். நீங்கள் இருக்கிற சிட்னிக்கும் நான் இருக்கிற மெல்பேணுக்கும் நடுவில, பனிமலையில சந்திப்பம் எண்டு சொன்னது நீங்கள்தான். என்னோட வேலை செய்யிற யோகா காரில கூட்டிக்கொண்டு போனா. உங்களுக்கெண்டு கட்டிக்கொண்டு போன புட்டை, ஏரிக்கரைக் குளிருக்க நாங்களே சாப்பிட்டு முடிச்சம்.

நாங்கள் தங்கின மோட்டலுக்கு ரெலிபோன் எடுத்து, "இண்டைக்கு மரணயோகம், வெளிக்கிடேலாது" எண்டியள். அந்தப் பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்து நேரத்துக்குக் கணிச்சது. சிட்னியில, உங்கட லிட்கமில, அது வேற நேரம் எண்டு ஒரு எஞ்சினியருக்கு நான் சொல்லித்தர வேணுமோ?

நீங்கள் வேலையை மாத்திக்கொண்டு இஞ்ச மல்கிரேவுக்கு வாறதுக்கும் இதே கதைதான். ஆடி கூடாது, மார்கழி கூடாது எண்டு ரெண்டு வருசம் போச்சுது.

அந்த ஏரிக்கு அணை கட்டேக்க, அங்க இருந்த பழைய அடமினாபி எண்ட ஊர் தண்ணிக்குள்ள போகப்போகுது எண்டு, சனம் தங்கட மரவீடுகளை அப்படியே லொறியில ஏத்தி, மேட்டுப்பக்கம் கொண்டுபோய் இறக்கினவையாம். சேர்ச்சைக்கூட விட்டிட்டு வரேல்லை. அந்த வீடுகளில இப்பவும் ஆக்கள் குடியிருக்கினம். ஒரு வீட்டுக்கு முன்னால கனநேரம் நிண்டு பார்த்தன்.

உங்களிட்ட இருக்கிறது ஒரு சூட்கேஸ்தானே?

இப்படிக்கு,
இன்னும் உங்கட மனுசி