அது எந்த விடுதி?

ஊர் சுற்றும் என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் நலத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உலகத்துக்கே அறிவித்துவிடுகிறீர்கள்.

கடிதம் கிடைத்தது. ஆறு மாத விடுப்பில் கிளம்பியவர் எழுதிய முதல் கடிதத்தில் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி. மீதி இரண்டு பக்கமும் வலைப்பதிவின் கஷ்டம். வாரம் ஒன்று எழுதுவது லேசில்லையாம், ஒரு வாரம் விட்டாலும் படிக்கிறவர்கள் மறந்துவிடுவார்களாம், சரக்கு தீர்ந்துவிட்டதாம். அதனால் நம் பழைய பயணங்களில் நான் குறித்துவைத்த நோட்டைக் கூரியரில் அனுப்ப வேண்டுமாம். அடேயப்பா, மூட்டை தூக்குகிறவர்கூட இப்படிப் புலம்ப மாட்டார்.

அந்த நோட்டைப் பார்த்து நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறதா? எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த விடுதியில் தாழ்ப்பாள் சரியாக விழாது, எங்கே குழாயில் தண்ணீர் வராது என்று நான் எழுதினால், "இதெல்லாம் யாரு படிப்பா? உனக்கு ரசனையே இல்லடி" என்பீர்கள். அதைப் பார்த்து நீங்கள் எழுதியதைத்தான் எல்லோரும் படித்திருக்கிறார்கள். நான் கூட வராத பயணங்களில் உங்களுக்கு என்ன அகப்பட்டது? ஒரு வாரம் சூரியன் உதித்தது, மனம் லேசானது. அடுத்த வாரம் சூரியன் மறைந்தது, அப்போதும் மனம் லேசானது. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், "அக்கா, உங்க வீட்டுக்காரர் எழுதுறதப் படிச்சா நல்ல கண்ணும் மங்கிடும் போலருக்கே" என்றார்.

போன மாதம் எங்கும் போகவே இல்லை போலிருக்கிறது. பயணப் பதிவை விடாமல் எழுதுவது எப்படி என்று மூன்று வாரம் பாடம் நடத்தினீர்கள். நாலாவது வாரம் பாடமும் தீர்ந்துவிட்டது. உடனே பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டீர்கள்.

ஜன்னல், கம்பிகள், வெளியே மழை, தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. 'மழைக்கு ஒதுங்கிய விடுதி அறை. இரண்டு நாள் முழு அமைதி' என்று கீழே எழுதியிருந்தீர்கள். கடையில் சாப்பாட்டு வேளையில் பார்த்தேன். டிபன் பாக்ஸை அப்படியே மூடிவைத்துவிட்டேன். இடமிருந்து மூன்றாவது கம்பி வளைந்திருக்கும். இரண்டு நாள் படுத்தபடியே அதைப் பார்த்துக் கிடந்தவள் நான். ஜன்னல் கண்ணாடியில் சலைன் பாட்டில் மாட்டும் கம்பிகூடத் தெரிகிறது. விடுதியாம், அமைதியாம்! த்தூ.

போன வருஷப் பயணத்துக்கு, என் வயிற்றில் இருந்ததையும் சேர்த்து மூன்று பேராகப் போனோம். இரண்டு பேராகத் திரும்பினோம். அதன்பிறகு நீங்கள் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. நான் பேச்செடுத்தால் பெட்டியைக் கட்டினீர்கள். மனசு தாங்காமல்தான் ஓடுகிறார் என்று உங்கள் அம்மாவிடம் பரிந்து பேசினேன், பைத்தியக்காரி. எனக்கு மயக்கம் தெளியாத நேரத்தில் மருந்து வாங்கக் கீழே போயிருந்ததாகச் சொன்னீர்கள். கட்டில் பக்கத்தில் நின்று கோணம் பார்த்துப் படம் எடுத்திருக்கிறீர்கள்.

நோட்டை அனுப்பப் போவதில்லை. அதன் கடைசிப் பக்கங்களில் அந்த இரண்டு நாளும் இருக்கின்றன. டாக்டரம்மா எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார் என்பதுவரை. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து படியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். அந்தப் படத்தின் கீழே ஒரு பெண், அது எந்த விடுதி என்று கேட்டிருக்கிறாள். புதிதாகக் கல்யாணம் ஆனவளாம், கணவரோடு அதே அறையில் தங்க ஆசையாம். 'அது ரகசியம்' என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அவளுக்காவது உண்மையைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை, மூன்றாம் மாடி, பெண்கள் பிரிவு, ஏழாம் கட்டில். அவள் எந்த ஊருக்குப் போனாலும் சந்தோஷமாகப் போய் வரட்டும். அந்த ஜன்னல் மட்டும் அவளுக்குக் கிடைக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி