ஒரு தொட்டிக்கு நாலு மீன்

மாப்ள,

உன் மீன்தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்துகொண்டிருக்கிறது. பைக்குள் ஐந்து டைகர் பார்ப். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட, விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே பதத்துக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் முடிச்சைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக இருக்கிறேன்.

உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, இனி மகளோடு இருக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது, உன் ஞாபகமாக இருக்கட்டும் என்று இந்தத் தொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நீ விட்டுப்போன அதே நான்கு மீன்கள். மூன்று டைகர், ஒரு கௌராமி. அன்றைக்குக் குஞ்சாக இருந்த டைகர்கள் இன்று ரவுடிகள். மூன்றும் சேர்ந்து கௌராமியின் நூல்போன்ற மீசை இரண்டையும் கடித்துத் தின்றுவிட்டன. வாலும் கந்தல். பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரை எடுக்கக்கூட வெளியே வருவதில்லை. நீ ஆசைப்பட்டு வாங்கிய மீன். அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கடைக்காரரிடம் போய் நின்றேன். "மூணா இருந்தா பக்கத்துல உள்ளதைத்தான் கடிக்கும் அண்ணாச்சி. இன்னும் அஞ்சு விடுங்க. கூட்டம் சேந்துட்டா அதுகளுக்குள்ளயே வெரட்டிக்கிட்டுத் திரியும், இதை விட்ரும்" என்றார். உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

இந்தத் தொட்டி வாங்கிய அன்று நீ அவரைப் படுத்திய பாடு! பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் இடத்துக்குப் போர்மேன் நீ. எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று பார்த்தே பழகியவன். ஒவ்வொரு மீனையும் காட்டி, "இது எதோட ஒத்துப்போகும்? எதுகூட சேரக் கூடாது?" என்று கேட்டாய். கடைசியில் நாலே நாலு போதும் என்றாய்.

"மாப்ள, மீன் வளக்கவும் லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்று கிண்டலடித்தேன். நீ சிரிக்கவில்லை.

"ஏலே, ஒரு ரூமுக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆளு நொழஞ்சா எனக்கு அடிவயிறு கலங்கிரும்லே."

உன் கம்பெனி இருக்கும் ஆமத்தூர்ப் பக்கம் வெடிவிபத்துச் சத்தம் கேட்ட அந்தப் பகலில் நான் அச்சாபீசில் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். உனக்குப் போன் போகவில்லை. புகையைப் பார்த்து வண்டியை விரட்டினேன். வழியெல்லாம் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். நீ உங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாய். "நம்ம கம்பெனி இல்லலே" என்றாய். அப்புறம், "எந்த வீட்டுப் பிள்ளைகளோ" என்று தரையில் உட்கார்ந்து அழுதாய். இன்றும் ரோட்டில் டயர் வெடித்தால் என் கை போனில் உன் பெயரைத்தான் தேடுகிறது.

கடைசியில் வெடி உன்னைத் தொடவில்லை. நெஞ்சுவலி, வீட்டுக் கட்டில். சொந்தபந்தமெல்லாம் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நீ கையை ஆட்டி ஆட்டி எல்லோரையும் வெளியே போகச் சொன்னாய். காற்று வேண்டும்போல என்று யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். உன் கண் ஒவ்வொரு தலையாகத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். நீ எண்ணிக்கொண்டிருந்தாய். போகிற நேரத்திலும் எங்களுக்காகத்தான் பயந்தாய், மாப்ள.

முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

ஐந்தும் பாய்ந்து சிதறின. பழைய மூன்றும் அவற்றின் மேல் விழுந்தன. தப்புப் பண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எட்டும் ஒன்றையொன்று விரட்டியபடி தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தன. கௌராமியை ஒன்றும் சீண்டவில்லை. வெகுநேரம் கழித்து அது குழாய்க்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. கந்தல் வாலோடு மெல்ல மேலே வந்து ஒரு வாய் இரை எடுத்தது.

சந்தோஷத்தில் வீட்டாரைக் கூப்பிட்டேன். மனைவி வந்தாள், மகன் வந்தான், மருமகள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தொட்டி இருக்கும் அறை சின்னது. எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஒரு ரூமுக்கு நாலு பேருதான். எழுந்துபோய் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டேன்.