அம்மா வெட்டிய வரி

என் செல்லச் சண்டைக்கார அப்பாவுக்கு,

மேலே, நீங்கள் போன இடத்தில், என் தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருப்பீர்கள். கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போகிறேன்.

நீங்கள் ஆசைப்பட்ட அந்தத் தனியார் பள்ளி என்னைப் பதினோராம் வகுப்புக்கு எடுத்திருக்கிறது. முழுக் கட்டணத்துக்கும் வவுச்சர், நாங்கள் ஒரு காசும் கட்டத் தேவையில்லை! கோயிலில் பூசை முடிந்ததும் அம்மா எல்லா அன்ரிமாருக்கும் சொல்லிவிட்டா. ஆனால் படிவத்தின் அடியில் ஒரு வரி: இதை ஏற்றால் காது கேளாமைக்காகக் கூடுதல் உதவி எதுவும் கோரமாட்டோம். காது கேட்காத பிள்ளை வாயாலும் கேட்கக் கூடாதாம்.

"ஒரு வரிதானே பிள்ளை, சைன் வைச்சிட்டுப் போவம்" என்றா அம்மா.

நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? சனம் கதைக்கும் என்று எந்தப் பள்ளிப் படிவத்திலும் என் காதைப் பற்றி நீங்கள் எழுதியதில்லை. ஏழாம் வகுப்பு முழுக்க ஆசிரியரின் வாயைப் பார்த்தே ஓட்டினேன். அவர் பலகைப் பக்கம் திரும்பினால் பாடம் போச்சு.

கையெழுத்திடப் போன அன்று துணை அதிபரிடம், நீங்கள் போன பிறகு வாங்கிய என் மைக்கைக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டினால் பேச்சு நேரே என் காதுக்கருவிக்கு வரும். மாட்டியதை மறந்து அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். என் ஆசிரியர்கள் அதோடு கழிப்பறைக்கே போயிருக்கிறார்கள். மைக் ஒன்ல இருக்கு என்று நான் ஓடிப்போய்ச் சொல்கிற ஆளா?

இந்த முறை சிரிப்பு வரவில்லை. "தாய் கையெழுத்துப் போட்டால் போதும். பிறகு யாரும் இந்த மைக்கை மாட்டத் தேவையில்லை" என்று அவர் ஆங்கிலத்தில் யாரிடமோ சொன்னார்.

அம்மாவிடம் அப்படியே தமிழில் சொன்னேன்.

"பகிடி விடாத."

"சத்தியமா அம்மா. மைக் இல்லாட்டி நான் அங்க மேசைக்கு முன்னால யூனிஃபோர்ம் போட்ட வெறும் கதிரை."

அம்மா பேனையை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினா. பக்கத்தில் நான் எழுதினேன்: 'மைக் வேண்டும். வீடியோக்களில் பேச்சுக்கு எழுத்து வேண்டும். வவுச்சருக்காக உரிமையை விடமாட்டோம்.' இருவரும் கையெழுத்திட்டோம்.

துணை அதிபர் திரும்பி வந்து படித்தார். முகம் சுருங்கியது.

"மைக் இன்னும் ஒன்லதான் இருக்கு, மிஸ்" என்றேன்.

வீடு திரும்பும் கிளென் வேவர்லி ரயிலில் அம்மா பேனையைக் கைப்பைக்குள் வைத்தா. பிறகு, "வடிவா வெட்டினனானே?" என்று கேட்டா.

பள்ளியிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. இடம் போய்விடலாம். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் பக்கம் நின்றிருப்பீர்களா, அப்பா? தெரியவில்லை. கோபமில்லை, என்னைக் காப்பாற்றத்தானே மறைத்தீர்கள்.

பள்ளி மறுத்தால் மேலிடத்தில் முறைப்பாடு செய்வேன், எழுதியும் வைத்துவிட்டேன். ஏற்றால் முன் வரிசையில் இருந்து முதல் பாடத்திலேயே கையை உயர்த்துவேன். எது நடந்தாலும், இனி என்னை யாரும் பாதியாகச் சேர்க்க விடமாட்டேன். உங்கள் மேல் ஆணை.

உங்கள் வாய்க்காரி,
மூத்த மகள்