இடது தோளுக்கு ஒன்று, வலது தோளுக்கு ஒன்று

கோச்கோர்,
மார்ச் மாதம், கூரைப் பனி பாதி உருகிய செவ்வாய்க்கிழமை.

என் கண்ணான மருமகள் புருல்சாவுக்கு, இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆட்டுக்கறியை நியாயமாகப் பங்கிடத் தெரிந்த ஒரே மனிதனும், மூன்று மலைக்கு அப்பாலும் பெயர் பெற்றவனும், என் தங்கையான உன் அம்மா போன பிறகு நாலு வயதிலிருந்து உனக்கு மூக்குத் துடைத்து வளர்த்தவனுமான மாமா கெரிம்குல் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை சைரா, இரண்டு பசு, ஒரு திமிர் பிடித்த குதிரை எல்லோரும் சுகம். இஸ்தான்புல்லில் நீயும் உன் தையல் எந்திரமும் சுகமாக இருக்கிறீர்களா, சாப்பாட்டில் கொழுப்பு போதுமான அளவு இருக்கிறதா என்று எழுது. போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே, கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பயப்படாதே. போனில் உன் முகத்தைப் பார்த்தால் நான் பொய் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் அந்தச் சிரமம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் அங்கே வேலைக்கு வருகிறாள், அவள் பையில் இந்தக் கடிதமும் உன் அத்தை உருட்டிக் காயவைத்த தயிர்க்கட்டியும் இருக்கும். முதலில் தயிர்க்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் படி, கோபம் கொஞ்சம் குறையும்.

போன நவம்பரில் நீ என்னை அழைத்து, ஃப்ளூ ஊசி கொரோனா ஊசி ரெண்டும் போட்டாச்சா மாமா, தோளைக் காட்டுங்க என்று போலீஸ் அதிகாரி மாதிரிக் கேட்டாயே, நினைவிருக்கிறதா. நானும் சட்டையைக் கழற்றி, போர்க்களத்திலிருந்து திரும்பிய தளபதி போல இரண்டு தோளையும் காட்டினேன். இரண்டிலும் பிளாஸ்திரி இருந்தது. இடது தோளில் இருந்தது ஊசி குத்திய இடத்தில் நர்ஸ் ஒட்டியது. வலது தோளில் இருந்தது உன் அத்தையின் தோளிலிருந்து உரித்து நானே ஒட்டிக்கொண்டது. அவள் இரண்டும் போட்டுக்கொண்டவள், ஒரு பிளாஸ்திரி குறைந்தால் அவளுக்கு நஷ்டமில்லை என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த குற்றம். ஆனால் குற்றம் என் தோளோடு நின்றிருந்தால் நான் இத்தனை மை செலவழிக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். மருந்தகத்தில் துர்சுனை என்கிற நர்ஸ் எங்கள் தெருக் கிழவர்கள் பன்னிரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தாள். யார் முதலில் போவது என்ற பேச்சே இல்லை, எழுபத்தாறு வயதில் நான்தானே மூத்தவன். நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினேன், ஃப்ளூ ஊசி போட்டாள். இப்ப வலது கையைக் குடுங்க தாத்தா, கொரோனா ஊசி என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பால்யத் தோழன் அசனாலியின் பேரனுக்குத் தொட்டில் விருந்து. கறி அறுக்க வேண்டியவன் நான். வலது தோள் வலித்தால் கத்தி கோணும், கத்தி கோணினால் சம்பந்திகளுக்குள் சண்டை வரும், சண்டை வந்தால் பள்ளத்தாக்கே இரண்டாகப் பிளக்கும். இதையெல்லாம் நான் அவளுக்கு விளக்கினேன். அவள், தாத்தா ஃப்ளூ வேற கொரோனா வேற, ஒண்ணுக்குப் போட்டது இன்னொண்ணைத் தடுக்காது, உங்க வயசுக்கு ரெண்டும் வேணும் என்று கெஞ்சினாள். எனக்கு இருப்பது ஒரு மூக்குதானே, அதுக்கு ஒரு ஊசி போதும் என்று சொல்லிவிட்டு ராஜநடையில் வெளியே வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிறகுதான் வினை. நம் ஊர் ஆட்களை உனக்குத் தெரியாதா. விருந்தில் மூத்தவன் தட்டில் விழுந்ததைவிடப் பெரிய துண்டை எந்தச் சின்னவனும் எடுக்க மாட்டான். மூத்தவர் ஒண்ணோட எழுந்துட்டார், நாம ரெண்டு வாங்கினா அவருக்கு என்ன மரியாதை என்று அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு ஊசியோடு எழுந்துவிட்டார்களாம். அசனாலி வலது சட்டைக்கையைச் சுருட்டிக்கூட வைத்திருந்தானாம். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டானாம். துர்சுனையோ, இது கறி இல்ல தாத்தா, மருந்து என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். யார் கேட்டார்கள்.

விருந்து பிரமாதம். என் கத்தி காற்றில் நடனமாடியது, விலா எலும்புகள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. மூத்தவனுக்கு உரிய ஆட்டுத் தலையை எனக்கு வைத்தார்கள். பெரியவர் சொல் கேட்கட்டும் என்று காதை அறுத்துத் தொட்டில்காரனின் அண்ணனுக்குக் கொடுத்தேன். யாரை அடிக்கடி பார்க்க ஆசையோ அவனுக்குத்தானே கண்ணைக் கொடுப்போம், ஒரு கண்ணை என் கையாலேயே அசனாலிக்கு ஊட்டினேன். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த பிஷ்கேக் நகரத்து விருந்தாளி ஒருவர் துண்டை வாயில் வைத்து இருமிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை, உன் அத்தை என் நெற்றியில் ரொட்டி சுட்டிருக்கலாம், எங்கள் கூரையில் மட்டும் பனி நிற்கவில்லை. நான் இருமியதில் எதிர்மலையில் மேய்ந்த குதிரைகள் சீன எல்லையைத் தாண்டிவிட்டதாகக் கேள்வி. பரிசோதித்துப் பார்த்துவிட்டு கொரோனா என்றாள் துர்சுனை. பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தேன். ஒரே பாயில் படுத்த உன் அத்தைக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியதோடு சரி. எனக்குச் சூப்பு ஊட்டும்போதெல்லாம், எங்க, அந்த ஒரு மூக்கைக் காட்டுங்க பார்ப்போம் என்பாள். உன்னிடம் குதிரை தள்ளிவிட்டது, இடுப்பு வலி என்று சொன்னோமே, அது இதுதான். குதிரை மேல் அபாண்டம் சொன்னதற்கு அதனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அசனாலிக்கு எழுபத்து நாலு, நெஞ்சு ஏற்கெனவே பலவீனம். அவனுக்கும் அதே நோய் வந்து, மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். முப்பத்தொரு நாள், மருமகளே. இதில் ஒரு நாள்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நான் நடக்க ஆரம்பித்ததும் போய் ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்றேன். உள்ளே விடவில்லை. அவன் விரலில் ஒரு கருவியை மாட்டியிருந்தார்கள், அதில் தெரிந்த எண் எனக்குப் புரியவில்லை, நர்ஸின் முகம் புரிந்தது. அவன் மகன் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான், டீ குடிச்சீங்களா பெரியப்பா என்றான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அறுபது வருஷமாக ஊரைச் சிரிக்க வைத்த நான் மறுபடி அந்த ஜன்னலுக்கே போய் நின்றேன்.

அவன் பிழைத்தான். டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தான், சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டும் போல. நான் பார்க்கப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். இப்படியே இரண்டு மாதம் போனது. நோய் வந்து போனவங்க கொஞ்ச நாள் பொறுத்துப் போட்டுக்கலாம் என்று துர்சுனை சொல்லியிருந்தாள். போன வாரம் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டாள். நான் வீடு வீடாகப் போய், மூத்தவன் ரெண்டாவது துண்டு எடுக்கப் போறேன், எல்லாரும் வாங்கடா என்று சொல்லி இழுத்து வந்தேன். நாற்காலியை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து ஒரு கைத்தடி என்னைத் தள்ளியது. அசனாலி. தள்ளுடா கிழவா, ரெண்டு வயசு சின்னவன்னு உன் பின்னாடி வந்து போதும் போதும்னு ஆயிடுச்சு, இந்தத் தடவை நீ என் பின்னாடி நில்லு என்று சொல்லிவிட்டு முதலில் போய் உட்கார்ந்தான். மருந்தகமே மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் பின்னால் நின்றேன். பன்னிரண்டு பேருக்கும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு ஆடு அறுத்தோம். தலையை உன் அத்தை வழக்கம் போல என் முன்னால் வைத்தாள். நான் அதை அசனாலி பக்கம் நகர்த்திவைத்தேன். அவன் கத்தியை எடுத்தான், அவ்வளவு மோசமாக அறுக்கப்பட்ட தலையை நான் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு கண்ணை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே, என் தட்டில் வைத்தான்.

எனவே புருல்சா, இரண்டு கையையும் ஏந்தி உன்னை ஆசீர்வதிக்கிறேன். வலது தோள் இன்னும் வலிப்பதால் அந்தப் பக்கத்து ஆசீர்வாதம் சற்றுத் தாழ்வாக வரும், குனிந்து வாங்கிக்கொள். உன் வழி திறந்திருக்கட்டும், உன் ஊசியில் நூல் அறாமல் இருக்கட்டும். இலையுதிர்காலம் வந்ததும் நீயும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள், அது வருஷா வருஷம் போட வேண்டியதாம். தோளைக் காட்டும்போது பிளாஸ்திரியைத் தூக்கிக் காட்டு, நம் குடும்பத்தை நம்ப முடியாது. கோடையில் வா. அடுத்த தலையில் ஒரு கண் உனக்கு.

பொய்யைத் துறந்து ஒன்பது நாள் ஆன, மிகைப்படுத்துவதை மட்டும் விட முடியாத,
உன் மாமா கெரிம்குல்